“அந்த நாட்டுக்காரர்களே இப்படித்தான்”: ஒரு பழிச்சொல்லின் வரலாறு

உம்ராவை நிறைவேற்றித் திரும்பியவர்களைக் காணச் செல்கிறோம். ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் கைக்கு வருகின்றன. கஅபாவை முதன்முதலில் கண்ட கணத்தைக் கண்கலங்க விவரிப்பவர், இடையே ஒரு வார்த்தையும் சொல்லிவிடுகிறார்: “தவாஃபில் இன்ன நாட்டுக்காரர்கள் இருக்கிறார்களே, இடித்துத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். அவர்களே அப்படித்தான்.” நாமும் தலையசைக்கிறோம். பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் சிறுவனின் மனத்தில், அவன் ஒருமுறைகூடக் கண்டிராத ஒரு நாட்டைப் பற்றிய தீர்ப்பு பதிந்துவிடுகிறது.

இத்தகைய தீர்ப்புகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதை அறிந்துகொள்ள எகிப்தைவிடப் பொருத்தமான நாடு வேறில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அயல்நாட்டார் சுற்றிப்பார்க்க வந்துபோகும் நாடு அது. வந்தவர்கள் தங்கள் நடத்தைக்கான சாட்சியத்தை அங்குள்ள கற்களிலேயே விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

2013ஆம் ஆண்டு மே மாதம், லக்சர் கோயிலின் பழஞ்சிற்பம் ஒன்றின்மீது சீன எழுத்துகளில் ஒரு பெயரும், அப்பெயருக்குரியவன் அங்கு வந்து சென்றான் என்னும் செய்தியும் கீறப்பட்டிருந்ததை ஒரு பயணி கண்டார். எழுதியவன் பதினைந்து வயதுச் சிறுவன். படம் இணையத்தில் பரவியதும் பெற்றோர் நாளிதழ் வாயிலாக மன்னிப்புக் கோரினர். எனினும் அந்தச் சிறுவனின் தவறு அவனோடு நிற்கவில்லை. ‘சீனப் பயணிகளே இப்படித்தான்’ என்று உலகம் பேசியது. அந்தப் படத்தை எடுத்து, வெட்கத்தோடு வெளியிட்டவரும் ஒரு சீனப் பயணிதான் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டம், பயணிகள் சென்ற இடத்தின் வழக்கங்களை மதித்து, தொன்மைச் சின்னங்களைப் பேண வேண்டும் என்று விதித்தது.

இப்பழியைச் சுமந்தவர்களில் சீனர்கள் முதலாமவர்கள் அல்லர். இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் 1841இல் ஒரு ரயில் பயணத்தைக் கூட்டாக ஏற்பாடு செய்தார். அத்தொழில் வளர்ந்து 1860களில் சாதாரண ஆங்கிலக் குடும்பங்களை இத்தாலிக்கும், 1869இல் எகிப்துக்கும் கொண்டு சேர்த்தது. அதுவரை செல்வந்தர்களுக்கே உரியதாயிருந்த வெளிநாட்டுப் பயணம் கடைக்காரருக்கும் எழுத்தருக்கும் கைகூடியது. உடனே ஏளனமும் பிறந்தது. ஏளனம் செய்தவர்களில் முன்னின்றவர், இத்தாலியில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாயிருந்த நாவலாசிரியர் சார்லஸ் லீவர். மந்தையாக ஓட்டிச் செல்லப்படும் நாகரிகமற்ற கூட்டம் என்று தம் அரசின் குடிகளையே அவர் 1865இல் எழுதித் தூற்றினார்.

அடுத்து அமெரிக்கர்களின் முறை. 1867இல் கப்பலேறி எகிப்தும் பாலஸ்தீனமும் சென்ற அமெரிக்கக் குழுவில் எழுத்தாளர் மார்க் ட்வெய்னும் இருந்தார். உடன்வந்தவர்களில் ஒருவர் ஸ்பிங்க்ஸ் சிலையின் முகத்தில் ஏறி, நினைவுப்பொருளுக்காக ஒரு துண்டைப் பெயர்த்தெடுக்க முயன்றதை அவர் தம் பயண நூலில் பதிவு செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டாலரோடு உலகைச் சுற்றிய அமெரிக்கப் பயணிக்கு ‘அசிங்கமான அமெரிக்கன்’ என்ற பட்டமே நிலைத்தது. 1958இல் வெளிவந்த ஒரு நாவலின் தலைப்பு அது. வியப்பு என்னவென்றால், நாவலில் அப்பெயருக்குரியவர் தோற்றத்தில் மட்டுமே அழகற்றவர். கிராம மக்களோடு சேர்ந்து உழைக்கும் நல்ல பொறியாளர். உலகம் அந்த மனிதரை மறந்து, வசைச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டது.

1964 ஏப்ரலில் ஜப்பான் அரசு தன் குடிமக்கள் சுற்றுலாவாக வெளிநாடு செல்ல அனுமதித்தது. ஆண்டுக்கு ஒரு பயணம், கையில் 500 டாலர் என்ற வரம்போடுதான் அவ்வனுமதி தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில், கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னே கேமராவோடு ஓடும் கூட்டம் என்று ஜப்பானியர் கேலிக்குள்ளாயினர். இன்று அதே ஜப்பானியர் ஒழுங்குக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறார்கள். ஒரு நாட்டின் இரத்தத்திலேயே ஊறிய குணம் என்று சொல்லப்பட்டது, இரண்டு தலைமுறைக்குள் எங்கே போயிற்று?

ஆக, பழி ஒன்றே. அது குடியிருக்கும் வீடுதான் மாறிக்கொண்டிருக்கிறது. எந்த நாட்டின் எளிய மக்கள் கையில் புதிதாகக் காசு சேர்ந்து முதன்முறையாக வெளியே புறப்படுகிறார்களோ, அந்த நாட்டின் வாசலில் அது போய் நிற்கிறது. முதன்முறை செல்வோர் கூட்டமாகச் செல்வார்கள், மொழி தெரியாது, அங்குள்ள முறை தெரியாது. அமெரிக்க உணவகத்தில் டிப்ஸ் வைக்காமல் எழுவது மரியாதைக் குறைவு. ஜப்பானிலோ வைத்த பணத்தைத் திருப்பித் தரப் பணியாளர் பின்னாலேயே ஓடிவரக்கூடும். அறியாமையை ஆணவம் என்று பார்ப்பவர் எண்ணிக்கொள்கிறார்.

நம் முன்னோரான பயணிகளும் இதற்கு விலக்கல்லர். இப்னு பதூதா 1352இல் மாலி நாட்டுக்குப் புறப்பட்டார். அரசர் மன்ஸா சுலைமானிடமிருந்து விருந்துப் பொருள் வருகிறது என்றதும் அங்கிகளையும் செல்வத்தையும் எதிர்பார்த்தார். வந்தவை மூன்று ரொட்டிகள், பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, ஒரு சுரைக்குடுக்கைத் தயிர். அவர் சிரித்துவிட்டார். அற்பப் பொருளைப் பெரிதாகக் கருதுகிறார்களே என்று அம்மக்களின் அறிவைக் குறைத்து எண்ணியதாக அவரே கூறுகிறார். பின்னர் அரசரிடமே சென்று, உங்களைப் பற்றி மற்ற சுல்தான்களிடம் நான் என்ன சொல்வது என்றும் கேட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளி இப்படிப் பேசினால் நாம் என்ன நினைப்போம்? ஆயினும் அதே இப்னு பதூதா, அம்மக்களின் நீதியையும், அங்கே வழிப்போக்கருக்கு இருந்த பாதுகாப்பையும், குர்ஆனை மனனம் செய்வதில் அவர்கள் காட்டிய ஆர்வத்தையும் மனந்திறந்து எழுதிவைத்தார். கண்ட குறையோடு நிறையையும் சேர்த்துச் சொன்ன நேர்மை அவரிடம் இருந்தது.

அவருக்கும் முன்னூறு ஆண்டுகளுக்கு முன், இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பீரூனி, இந்நாட்டார் அயலாரை மதிப்பதில்லை என்று குறைபட்டுக்கொண்டார். ஆனால் அயலாரை இழிவாக எண்ணும் வழக்கம் எல்லாச் சமூகங்களிடமும் உண்டு என்பதையும் அங்கேயே ஒப்புக்கொண்டார். பிறரைப் பற்றிச் சொன்ன குறை தம்மவரையும் தொடுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

எகிப்தின் கற்களுக்குத் திரும்புவோம். பிரமிடு ஒன்றின் உள்ளே நுழைந்த இத்தாலியர் பெல்சோனி, தம் பெயரையும் 1818 என்ற ஆண்டையும் சுவரில் பெரிதாக எழுதிவைத்தார். கி.பி. 130இல் ரோமப் பேரரசர் ஹேட்ரியனுடன் வந்த ஜூலியா பால்பில்லா என்ற பெண்மணி, மெம்னோன் சிலையின் காலில் தம் கவிதைகளைப் பொறிக்கச் செய்தார். அரசர்களின் பள்ளத்தாக்கிலுள்ள கல்லறைகளில் கிரேக்க, இலத்தீன் கிறுக்கல்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். அவற்றின் நடுவே, கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த தமிழ் பிராமி எழுத்துகளும் இருப்பதை ஆய்வாளர்கள் அண்மையில் அடையாளம் கண்டனர். சிகை கொற்றன் என்பவர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் தம் பெயரை எழுதியிருக்கிறார். வந்து பார்த்தேன் என்னும் பொருள்படவும் எழுதியிருக்கிறார்.

செய்தி அறிந்து நாம் பெருமை கொண்டோம். கடல் கடந்து வாணிபம் செய்த தமிழரின் தடயம் அது, பெருமைதான். ஆனால் லக்சரில் அந்தச் சீனச் சிறுவன் எழுதியதும் ஏறத்தாழ அதே செய்திதானே? ஒன்று வரலாற்றுச் சான்று, மற்றொன்று தேசிய அவமானம் என்று நம்மைச் சொல்ல வைப்பது காலத்தின் தொலைவு மட்டுமா, அல்லது எழுதியவர் நம்மவர் என்பதா?

நோய் இங்கேதான் இருக்கிறது. நம்மவர் ஒருவர் தவறினால், அவர் பெயரைச் சொல்லி, அது அவருடைய குணம் என்கிறோம். பிறர் ஒருவர் தவறினால், அவர் பெயர் நமக்குத் தெரியாது, கடவுச்சீட்டுதான் தெரியும். எனவே நாட்டின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். ஒரு சமூகம் இன்னொன்றை ஏளனம் செய்வதைத் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் தடுக்கிறது. மனிதர்கள் பல இனங்களாக ஆக்கப்பட்டதன் நோக்கம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என்றும் அங்கேயே கற்பிக்கிறது.

தவறைத் தவறென்று சொல்லக் கூடாது என்பதல்ல இதன் பொருள். 1196இல் ஸலாஹுத்தீனின் மகன் அல்மலிக் அல்அஸீஸ், கீஸாவின் சிறிய பிரமிடை இடிக்க ஆட்களை ஏவினார். எட்டு மாத உழைப்புக்குப் பின் வேலை கைவிடப்பட்டது. தழும்பு இன்றும் தெரிகிறது. இச்செயலைப் பதிவு செய்தவர் பக்தாதிலிருந்து வந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப். பழஞ்சின்னங்களைக் காத்த முன்னைய ஆட்சியாளர்களைப் பாராட்டிய அவர், புதையல் தேடி அவற்றைச் சிதைத்தவர்களைக் கண்டித்தார். இடித்தவர் முஸ்லிம், கண்டித்தவரும் முஸ்லிம். லக்சரில் கீறியவன் சீனன். வெட்கப்பட்டு வெளியிட்டவரும் சீனர். எந்தச் சமூகத்திலும் இருவகையினரும் உண்டு.

அடுத்த முறை உம்ரா சென்று வருபவர், தம்மை இடித்த ஒருவரைப் பற்றிச் சொல்லட்டும். ஆனால் அவர் நாட்டைச் சொல்ல வேண்டாம். நெரிசலில் தம் பாட்டிக்குக் கைகொடுத்து வழிவிட்ட ஒருவரும் அங்கே இருந்திருப்பார். அவரைப் பற்றியும் சொல்லட்டும். பக்கத்தில் சிறுவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.