எவர்சில்வர் வந்த வழி

மன்னர்கள் மாறிய வரலாறு ஏடுகளில் இருக்கிறது. அடுக்களையில் பாத்திரங்கள் மாறிய வரலாறோ பரணிலே கிடக்கிறது. தலைநகருக்கு வந்து குடியமர்ந்த நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பரணில் அவ்வரலாறு அடுக்கடுக்காய்த் தெரியும். அடியில் கும்பகோணத்துப் பித்தளை அண்டா. அதன்மேல் வெண்கலப் பானையும் ஈயச் சொம்பும். யாவற்றுக்கும் மேலே எவர்சில்வர். இம்மாற்றம் நேர்ந்த வகையை அறிந்தால், இன்று கடையில் எதை வாங்குவது, எதற்கு எவ்வளவு கொடுப்பது என்னும் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

பித்தளையும் செம்பும் அழகிய உலோகங்கள்; ஆனால் புளிப்புக்கு ஆகாதவை. குழம்போ மோரோ அவற்றில் தங்கினால் களிம்பு ஏறும், உணவு கெடும். அதனாலேயே உட்புறம் வெள்ளீயம் பூசினர். பூச்சு தேயத் தேய மீண்டும் பூச வேண்டும். நம் ஊர்த் தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்தார்; இங்கே அவரே 'கலாய்வாலா'. துருத்தியும் கரியும் நவச்சாரமும் இரண்டிடத்தும் ஒன்றே. போதாக்குறைக்குப் புளியும் சாம்பலும் இட்டு நாள்தோறும் துலக்க வேண்டும். நம் தாய்மாரின் உழைப்பில் ஒரு பங்கு சமையலுக்கன்றிப் பாத்திரத்தைக் காப்பதற்கே செலவாயிற்று.

இத்தொல்லைக்குத் தீர்வு ஒரு போர்க்கருவி ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பார், துப்பாக்கிக் குழாய் விரைவில் தேய்ந்து போவதைத் தடுக்கும் வழியை ஆராய்ந்துவந்தார். நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் கலந்த எஃகு எளிதில் துருப்பிடிப்பதில்லை என்பதை 1913-இல் அவர் கண்டார். அவ்வூர்க் கத்தித் தொழிலில் இருந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் அதைக் காடியில் இட்டுச் சோதித்து, கறைபடாதது என்னும் பொருளில் 'ஸ்டெயின்லெஸ்' என்று பெயரிட்டார். அங்கே காடி, இங்கே புளி, சோதனை ஒன்றுதான். ஜெர்மனியில் க்ருப் நிறுவனத்தார் 1912-லேயே குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த எஃகுக்கு உரிமை பதிந்திருந்தனர். 1924-இல் ஷெஃபீல்டில் ஹாட்ஃபீல்டு என்பார் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்னும் கலவையை உருவாக்கினார். இன்று 304 என்று வழங்கும் தரம் இதன் வழிவந்ததே.

குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையாக எஃகின்மேல் படிகிறது. கீறினாலும் அது தானே மூடிக்கொள்ளும். ஈயப் பூச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. நிக்கலோ அரிப்பைத் தாங்கும் ஆற்றலையும், முறியாமல் வளைந்து பாத்திர வடிவம் கொள்ளும் தன்மையையும் மிகுவிக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு 'எவர்சில்வர்' என்னும் பெயர் நிலைத்தது. இரண்டு ஆங்கிலச் சொற்களால் ஆன பெயராயினும், சதர் பஜாரில் அப்பெயரைச் சொன்னால் விளங்காது. 'ஸ்டீல்' என்றால்தான் விளங்கும். என்றும் வெள்ளி என்ற அப்பெயரிலேயே அன்றைய மதிப்பும் தெரிகிறது. 1950-களில் தகடு வெளிநாட்டிலிருந்து வந்தது. எவர்சில்வர்ச் சீர்வரிசை பெருமைக்குரியதாயிருந்தது. பின்னர் 1960-களில் துர்காபூரில் அரசின் கலப்பு எஃகு ஆலை எழுந்தது. 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை தகடு உருட்டத் தொடங்கியது. தில்லியின் வசீர்பூரில் தகடு உருட்டும் பட்டறைகள் பெருகின. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் காலனி வாசல்களுக்கு வந்தனர்.

விலை இறங்கியதற்குத் தொழில் வளர்ச்சி மட்டுமே காரணம் அன்று. நிக்கல் விலைமிக்கது, அதற்கு நம் நாடு பெரிதும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. அமெரிக்காவில் 1950-களில் நிக்கலுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, அதில் ஒரு பகுதியை நீக்கி மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்த்த 201, 202 வகைகள் வழக்கத்துக்கு வந்தன. நம் நாட்டுப் பாத்திரத் தொழிலும் அவ்வழியை மேற்கொண்டு, நிக்கலை இன்னும் குறைத்தது. எளியோர் வீட்டிலும் தட்டும் டம்ளரும் பளபளத்தது அதனாலேயே. இதைக் குறைகூற வேண்டுவதில்லை. 202-ஐ 304 என்று சொல்லி விற்பதே மோசடி.

அம்மோசடிக்குத் துணைபோவது காந்தச் சோதனை. 'காந்தம் ஒட்டவில்லை, ஆகவே உயர்ந்த தரம்' என்று பலரும் நம்புகின்றனர். 304-உம் ஒட்டாது, 202-உம் ஒட்டாது. ஆதலின் இச்சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஒட்டுவது பெரும்பாலும் நிக்கல் இல்லாத 430 வகை. வளைத்து அடித்த ஓரங்களில் 304-கூடச் சிறிது இழுக்கும். தூண்டல் அடுப்புக்கு வாங்கும்போது மட்டும் காந்தம் பயன்படும். அடிப்பாகத்தில் ஒட்டாத பாத்திரம் அவ்வடுப்பில் சூடேறாது.

எனவே சிக்கனம் என்பது எல்லாவற்றையும் மலிவாக வாங்குவதன்று, இடமறிந்து வாங்குவது. புளியும் உப்பும் நெடுநேரம் நிற்கும் பாத்திரங்களுக்கு, அதாவது குழம்புச் சட்டி, ரசப் பாத்திரம், தயிர்ப் பாத்திரம் ஆகியவற்றுக்கு, 304-க்குப் பணம் கொடுக்கலாம். தட்டு, டம்ளர், பருப்பு டப்பா ஆகியவற்றுக்கு 202-உம் 430-உம் போதும். எவர்சில்வர் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். செம்பு அதனினும் ஏறக்குறைய 25 மடங்கு விரைந்து கடத்தும். ஆகையால் பால் காய்ச்சவும் பாயசம் வைக்கவும் செம்போ அலுமினியமோ அடியில் சேர்த்த கனத்த பாத்திரமே ஏற்றது, மெல்லியது அடிபிடிக்கும். உப்பைக் குளிர்ந்த நீரில் இட்டால் அடியில் தங்கிப் புள்ளிப் புள்ளியாய் அரிக்கும். கொதித்தபின் இடுவதே நன்று. பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி 2024-இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. முத்திரையைத் தேடுவதோடு, தரத்தின் எண்ணைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்வதும் நம் உரிமை.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம்மவர் வழக்கம். கொடுத்தவர் பெயரும் திருமண நாளும் தாங்கிய குடம், உத்தியோக மாற்றங்களோடு ஊர் ஊராய்ப் பயணம் செய்து, பேத்தி கைக்கு வந்து சேர்கிறது. தொலைவில் வாழும் நமக்கு அதுவே குடும்பத்தின் கல்வெட்டு. கல்வெட்டுக்குக் கல்லைத் தேர்வது போலப் பெயருக்குத் தக்க எஃகைத் தேர்வோம். பரணிலிருக்கும் வெண்கலப் பானையை மெல்லிய எவர்சில்வர் வாளிக்கு மாற்றும் முன், இரண்டையும் கையில் ஏந்திப் பார்ப்போம்.