அச்சமும் மருட்கையும்: தமிழில் மர்மக் கதை வளர்ந்த வரலாறு

மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர், அச்சத்தையும் மருட்கையையும் தனித்தனியே வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கும் அச்சத்தின் நிலைக்களன்கள். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன மருட்கைக்கு உரியவை. இன்று திகில் கதை என்றும் மர்மக் கதை என்றும் பிரித்துக் கூறப்படும் இருவகைப் புனைவுகளுக்கும் வேரான உணர்ச்சிகள் இவையே. ஆதலின், பேய்க் கதையும் கொலைக் கதையும் முற்றிலும் மேனாட்டுச் சரக்கு என்பாரது கூற்று ஆராயத்தக்கது.

காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடலையைப் பாடினார். சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பேய்களுக்குப் பசியும் பேச்சும் தந்து, போர்க்களத்தில் கூழ் அடவும் வைத்தார். பழையனூர் நீலியின் கதை நாட்டுப்புற மக்கள் நாவில் நெடுங்காலம் வாழ்ந்தது. சிலப்பதிகாரத்திலோ களவும் கொலையும் வழக்குரைத்தலும் தடயமும் ஒருங்கே அமைந்துள்ளன. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். கண்ணகியின் சிலம்பு உடைந்தபோது தெறித்தது மாணிக்கம். இதனினும் தெளிவான சான்று துப்பறியும் கதைகளிலும் அரிது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சிலம்பில் பொற்கொல்லனே கள்வன் என்பதைக் கற்போர் கொலைக்கு முன்னரே அறிவர், பாண்டியன் அறியான். அவ்வுண்மை உரிய நேரத்தில் மன்னன் செவியைச் சேராதோ என்னும் தவிப்பே நம்மை ஆட்கொள்கிறது. துப்பறியும் கதையில் உண்மையைக் கற்போரும் அறியார். விளைவு முன்னே நிற்கும். காரணம் பின்னே ஒளிந்திருக்கும். 1841-இல் எட்கர் ஆலன் போ தொடங்கிவைத்து, 1868-இல் வில்கி காலின்ஸ் நெடுங்கதையாக விரித்து, 1887 முதல் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸ் வாயிலாக நிலைபெறச் செய்த முறை இது. தமிழ் எழுத்தாளர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது அச்சத்தை அன்று. மறைத்துச் சொல்லும் இம்முறையையே.

தழுவலும் தேர்ச்சியும்

முதல் தமிழ் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. அதன்பின் பதினைந்தே ஆண்டுகளில், 1894-இல், பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழுக்கு அறிமுகப்படுத்தினார். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அறிஞர் ஒருவரே இத்துறைக்கும் முன்னோடியானது நினைவிற் கொள்ளத்தக்கது.

அடுத்த தலைமுறையில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகிய மூவரும் வாசகர் கூட்டத்தைப் பெருக்கினர். 'ஆனந்தபோதினி'யின் ஆசிரியராகவும் விளங்கிய முதலியார் ஆங்கில நாவல்கள் பலவற்றைத் தழுவி எழுதினார். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' (1908) துப்பறியும் கோவிந்தனைப் புகழ்பெறச் செய்தது. வடுவூராரின் திகம்பர சாமியார் 1950-இல் திரைக்கும் வந்தார்.

இவர்களைத் தழுவலாசிரியர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், இலண்டன் மாளிகையில் நிகழ்ந்த சூழ்ச்சியைத் தஞ்சை, கும்பகோணத்து இல்லங்களுக்குள் பொருத்துவது எளிய செயலன்று. அங்கே உயில், இங்கே வரதட்சிணை. அங்கே விருந்து மண்டபம். இங்கே வக்கீல் வீட்டுத் திண்ணை. பொருந்தாத இடங்களை மாற்ற முற்பட்டபோது தம் சமூகத்தையே உற்று நோக்கும் கட்டாயம் அவர்களுக்கு நேர்ந்தது. பொருந்தா மணமும் மாமியார் கொடுமையும் அக்கதைகளில் இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். நீண்ட அறிவுரைகளும் நம்பத்தகாத மாறுவேடங்களும் அவற்றின் குறைகள் என்பதை மறுப்பதற்கில்லை.

பிறர் வடிவத்தில் தேர்ச்சி பெற்றதற்கு அடையாளம் அதனை எள்ளி நகையாட வல்லவராதல். 1940-களில் ஆனந்த விகடனில் தேவன் படைத்த துப்பறியும் சாம்பு இதற்குச் சான்று. அறிவுக் கூர்மையால் வெல்லும் துப்பறிவாளனுக்கு மாறாக, தற்செயலால் வெற்றிபெறும் வங்கிக் குமாஸ்தாவை அவர் நிறுத்தினார். மரபு வாசகருக்கு நன்கு பழகியிருந்தாலன்றி அந்நகைச்சுவை எடுபட்டிராது. பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லால் இளைஞர் உள்ளங்களைக் கவர்ந்தார்.

சொல்லாமல் விடும் கலை

திகில் கதையில் உச்சத்தைத் தொட்டவர் புதுமைப்பித்தன். 1943-இல் வெளிவந்த 'காஞ்சனை'யில் எலும்புக்கூடோ அலறலோ இல்லை. உறக்கம் வராத ஓர் எழுத்தாளன், வீட்டுக்கு வந்து வேலைக்கு அமர்ந்த பிச்சைக்காரி, நள்ளிரவில் எழும் பிண நாற்றம், அது நறுமணமாக மாறும் விந்தை ஆகியவை மட்டுமே உண்டு. கண்ணுக்குப் புலனாகாததை மூக்கின் வழியே உணர்த்திய திறம் வியக்கத்தக்கது. நிகழ்ந்தது மெய்யா, மனமயக்கமா என்பதை ஆசிரியர் இறுதிவரை தீர்த்துரைக்கவில்லை. விடை கிடைத்திருந்தால் அச்சம் அங்கேயே முடிந்திருக்கும்.

அவ்வையத்தையே அறிவியல் தளத்துக்குக் கொண்டுசென்றவர் சுஜாதா. 1968-இல் குமுதத்தில் 'நைலான் கயிறு' தொடரால் கவனம் பெற்ற அவர், 'கொலையுதிர் காலம்' (1981) நாவலில் கணேஷையும் வசந்தையும் பேய்க்கும் அறிவியலுக்கும் இடையே நிறுத்தினார். 1980-களில் மாத நாவல்கள் பெருகியபோது ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா முதலியோர் இத்துறையைப் பேருந்து நிலையக் கடைகள் வரை பரப்பினர். விரைவு மிகுந்தது, சில வேளைகளில் ஆழம் குறைந்தது.

இவ்வளவு நெடிய பயிற்சிக்குத் தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் பல ஒரு பத்தி ஒதுக்குவதோடு நின்றுவிடுகின்றன. பொழுதுபோக்கு என்னும் ஒரே சொல்லால் நல்லதும் தீயதும் ஒருங்கே தள்ளப்படுகின்றன. புதுமைப்பித்தனின் கதையைப் போற்றுவோர், அதனை அவர் எழுதுமுன் அரை நூற்றாண்டாகத் தமிழ் உரைநடை மறைக்கவும் காத்திருக்கச் செய்யவும் பழகிவந்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கவிஞர்க்கும் இதில் பங்குண்டு. உள்ளுறையும் இறைச்சியும் கண்ட அகமரபு, கூறாது உணர்த்துதலையே செய்யுளின் சிறப்பாகக் கொண்டது. நல்ல மர்மக் கதையைத் திறந்த மனத்தோடு கற்கும் கவிஞர், எவ்வடியில் எதை நிறுத்திவைப்பது என்பதற்கு அங்கும் ஓர் ஆசானைக் காண்பார்.