பழைய கார்களில் இருக்கையும் சீட் பெல்ட்டும்

1960களின் நடுப்பகுதிக்கு முன் செய்யப்பட்ட கார்களில் பெரும்பாலானவை சீட் பெல்ட் இல்லாமலே தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. இருக்கைகளும் உட்காரும் சுகத்தை எண்ணிச் செய்யப்பட்டவை. மோதலில் அவை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டவர்கள் சிலரே. இன்று அப்படியொரு காரைப் புதுப்பிப்பவர் கடையில் ஒரு ஜோடி பெல்ட் வாங்கிப் பூட்டியதும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார். பெல்ட்டின் வலிமை அதைப் பிடித்திருக்கும் தகட்டின் வலிமைக்கு மேல் போகாது. அந்தத் தகடு ஐம்பது அறுபது ஆண்டு மழைநீரைக் குடித்த தரைத்தகடாக இருப்பதுதான் பழைய கார்களின் தனிப் பிரச்சினை.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் வினாடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர் நகர்கிறார். காரின் முன்பகுதி நசுங்குவதையும் பெல்ட் சற்று நீள்வதையும் சேர்த்து அவர் உடல் அரை மீட்டரில் நிற்கிறது என்று கொள்வோம். 70 கிலோ எடையுள்ளவரைப் பிடித்து நிறுத்த அப்போது சராசரியாக 13,500 நியூட்டன் விசை வேண்டும். ஓர் அம்பாசிடர் காரையே தூக்கித் தொங்கவிட்டால் வரும் சுமையைவிட அது அதிகம். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற பழைய ஓட்டுநர்களின் நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

வரலாறு

அமெரிக்காவில் நாஷ் நிறுவனம் 1949-இல் இடுப்புப் பட்டையை விருப்பப் பொருளாகத் தந்தது. ஃபோர்டு தன் 1956 மாடல்களில் ‘லைஃப்கார்டு’ என்ற பெயரில் இடுப்புப் பட்டையையும் மெத்தை வைத்த டேஷ்போர்டையும் விளம்பரப்படுத்தியது. 1954 டிசம்பரில் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப், நியூ மெக்சிகோவில் ராக்கெட் பூட்டிய சறுக்குவண்டியில் தன்னையே பட்டைகளால் கட்டிக்கொண்டு மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்திலிருந்து ஒன்றரை வினாடிக்குள் நின்றார். புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு விசையைத் தாங்கி அவர் உயிரோடு எழுந்தார். சரியாகக் கட்டிவைத்தால் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பது அதன்பின் வெறும் ஊகமாக இருக்கவில்லை.

இடுப்புப் பட்டை மட்டும் உள்ள காரில் ஆள் வெளியே தூக்கியெறியப்படுவதில்லை. ஆனால் மேலுடல் முன்னால் மடிந்து தலை டேஷ்போர்டில் மோதும். பட்டை இடுப்பெலும்பிலிருந்து வழுக்கி வயிற்றில் ஏறினால் குடலும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியும் காயப்படும். இதற்கு விடை கண்டவர் நில்ஸ் போலின். ஸ்வீடனின் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களுக்கான வெளியேற்று இருக்கைகளை வடிவமைத்தவர். 1958-இல் வால்வோவில் சேர்ந்தார். மார்பின் குறுக்கே ஒரு பட்டை, இடுப்பின் குறுக்கே ஒரு பட்டை. இரண்டும் தொடைக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒரே இடத்தில் கூடும். ஒரே கையால் பூட்டலாம். அவருடைய மும்முனைப் பெல்ட் பொருத்திய முதல் கார் 1959 ஆகஸ்டில் ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாடு நகர விற்பனையாளரிடம் போய்ச் சேர்ந்தது. காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ விட்டுக்கொடுத்தது. ஸ்வீடனில் நடந்த 28,000 விபத்துகளை ஆராய்ந்து போலின் 1967-இல் வெளியிட்ட அறிக்கை, பெல்ட் அணியாதவர்கள் குறைந்த வேகங்களிலும் இறந்திருப்பதைக் காட்டியது. அணிந்தவர்களில் மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீட்டருக்குக் கீழ் ஒருவரும் இறக்கவில்லை.

அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் புதிய கார்களில் பெல்ட் கட்டாயமானது. அக்கால அமெரிக்கக் கார்களில் தோள்பட்டை தனி, இடுப்புப் பட்டை தனி. தோள்பட்டையைக் கூரை ஓரத்தில் கிளிப்பில் மாட்டி வைத்திருப்பார்கள். பலர் அதைக் கழற்றியதே இல்லை. 1974 மாடல்களில் பெல்ட் போடாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாத ஏற்பாடு வந்தது. இருக்கையில் மளிகைப் பையை வைத்தாலும் கார் அடம்பிடித்ததால் மக்கள் கொதித்தார்கள். அதே ஆண்டில் நாடாளுமன்றம் அதை ஒழித்தது. பெல்ட் அணிவதையே முதலில் சட்டமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970 டிசம்பரில். பிரிட்டனில் முன் இருக்கைக்கு அது 1983 ஜனவரி 31-இல்தான் வந்தது.

இருக்கை

பெல்ட்டைப் பற்றிப் பேசுமளவுக்கு இருக்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய காரின் முன் இருக்கை பெரும்பாலும் மூவர் உட்காரும் நீள இருக்கை; கியர் ஸ்டியரிங் தண்டில் இருக்கும். ரெக்சின் உறைக்குக் கீழே சுருள்வில்கள். மோதலில் உடல் அவற்றை அழுத்திக்கொண்டு கீழே அமிழும், இடுப்புப் பட்டை தளர்ந்து வயிற்றுக்கு ஏறும். குஷன் கடையில் ‘இன்னும் கொஞ்சம் மெத்தென்று’ என்று கேட்டு மென்மையான ஸ்பாஞ்சு வைப்பது இந்தக் கோளாறை வளர்க்கும். கெட்டியான ஸ்பாஞ்சே இங்கு நல்லது.

இரண்டு கதவுக் கார்களில் பின்னால் ஏறுவதற்காக முன் இருக்கையின் சாய்வுப் பகுதி முன்னால் மடியும். பல மாடல்களில் அதைப் பிடித்துவைக்கக் கொக்கி கிடையாது. பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவரின் எடை முழுவதும் அந்தச் சாய்வோடு சேர்ந்து முன்னால் இருப்பவரின் முதுகில் விழும். மடியும் இருக்கைகளுக்குத் தானே பூட்டிக்கொள்ளும் கொக்கி அமெரிக்காவில் 1968 விதிகளோடுதான் கட்டாயமானது. தலைத் தாங்கிகள் அங்கு 1969 முதல் வந்தன. அதற்கு முந்தைய சாய்வுகள் தோளோடு நின்றுவிடும். பின்னாலிருந்து இடிபட்டால் கழுத்து பின்னால் ஒடிந்து வளையும். நீள இருக்கைக்குப் பதிலாகப் பிற்கால மாடலின் தனி இருக்கைகளை மாற்றினால் கழுத்து பிழைக்கும், காரின் அசல் தோற்றம் போகும். கண்காட்சிக்கு மட்டும் போகும் கார் என்றால் அசல் இருக்கலாம். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும் கார் என்றால் தோற்றத்தை விட்டுக்கொடுப்பதே முறை.

பெல்ட் பூட்டும் இடம்

பிரிட்டனில் 1960களின் நடுவிலிருந்து வந்த கார்களில், பெல்ட் இல்லாவிட்டாலும், அதைப் பூட்டும் மரையிட்ட துளைகள் தகட்டில் தயாராக இருக்கும்; ரப்பர் மூடியோ தரைவிரிப்போ அவற்றை மறைத்திருக்கும். மரை பெரும்பாலும் 7/16 அங்குலம். அவை இருந்தால் பாதி வேலை மிச்சம். இல்லாதபோது தரைத்தகட்டைத் துளைத்து வெறும் வாஷர் வைத்து நட்டை முறுக்குவது பெரிய தவறு. சுமை வரும்போது வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தகட்டின் அடியில் அகலமான எஃகுத் தகடு வைத்து வெல்டு செய்து, அதில் போல்ட்டை ஏற்ற வேண்டும். பந்தயக் கார்களுக்குச் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகள் கேட்கும் அளவு 40 சதுர சென்டிமீட்டர் பரப்பு, 3 மில்லிமீட்டர் கனம். வீதியில் ஓடும் காருக்கும் அதைக் குறைந்தபட்சமாகக் கொள்ளலாம். வெல்டு வைப்பதற்கு முன் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரையைத் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு தின்ற இடமும், பட்டி வைத்து பெயின்ட் அடித்த இடமும் மந்தமாக ஒலிக்கும்.

சேஸிஸ் மேல் பாடி தனியாக உட்காரும் கார்களில் இன்னொரு சிக்கல். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இந்த வகை. பெல்ட்டைச் சேஸிஸிலும் இருக்கையைப் பாடியிலும் பூட்டினால், மோதலில் இரண்டும் தனித்தனியே நகரும்போது பெல்ட் ஆளை இழுத்து நசுக்கும். இரண்டையும் பாடியிலேயே, வலுவூட்டிய இடத்தில் பூட்ட வேண்டும். மார்கன் போன்ற கார்களின் பாடிக்குள் மரச்சட்டம் இருக்கும். அதில் திருகிய பெல்ட் பெயருக்குத்தான் பெல்ட்.

தோள்பட்டையின் மேல்முனை தோளின் உயரத்திலோ சற்று மேலோ இருக்க வேண்டும். திறந்த கார்களிலும் நடுத்தூண் இல்லாத கார்களிலும் அந்த உயரத்தில் இரும்பே இல்லாததால் பின்சக்கர வளைவில் தாழ்வாகப் பூட்டுகிறார்கள். அப்போது பட்டை தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். பந்தயக் கார் போல நான்கு முனைப் பட்டை போட்டு அதன் வால்களைத் தரையில் கட்டுபவர்களுக்கும் இதே கதிதான்.

தானே சுருளும் பெல்ட்டின் உருளைக்குள் சிறு குண்டு அல்லது ஊசல் ஒன்று உண்டு. கார் சட்டென்று நின்றால் அது சாய்ந்து பட்டையைப் பூட்டும். உருளையைத் தயாரிப்பாளர் சொன்ன கோணத்தில் பொருத்தாமல் சரிவான தூணில் சாய்த்துப் பொருத்தினால், பட்டை வெளியே வரவே வராது, அல்லது வேண்டிய நேரத்தில் பூட்டாது. காலியான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை அழுத்தினால் தெரிந்துவிடும்.

காரோடு வந்த அசல் பெல்ட்டைச் சேர்ப்பாளர்கள் விடமாட்டார்கள். 1960களின் பிரிட்டிஷ் கார்களில் தொப்பிக்குப் பெயர்போன காங்கோல் நிறுவனத்தின் பெல்ட்டுகூடக் கிடைக்கும். வெயில் பட்ட செயற்கை இழை வலுவிழக்கும். நிறம் வெளுத்திருப்பது, ஓரம் பஞ்சு பஞ்சாக உரிந்திருப்பது, தையல் நூல் நைந்திருப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். ஒருமுறை விபத்தில் ஆளைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பழைய பக்கிளை அலமாரியில் வைத்துவிட்டு, அதே வடிவத்தில் புதிய பட்டையோடு வருவதை வாங்கலாம்.

சட்டமும் குழந்தைகளும்

இந்தியாவில் முன் இருக்கைகளுக்குப் பெல்ட் பொருத்தும் கடமை 1994-இல் தயாரிப்பாளர்களுக்கு வந்தது. அதற்கு முந்தைய அம்பாசிடர்களிலும் பிரீமியர் பத்மினிகளிலும் அதைத் தேடிப் பயனில்லை. 50 ஆண்டைக் கடந்த வாகனங்களை 2021 விதிகளின்படி ‘வின்டேஜ்’ எனப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவானவற்றை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது.

பிரிட்டனில் பெல்ட் இல்லாமலே தயாரான காரில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றத் தடை; அதற்கு மேற்பட்ட குழந்தைகள் பின்னால்தான் உட்காரலாம். குழந்தை இருக்கையைக் கொக்கியில் மாட்டும் ஐசோஃபிக்ஸ் ஏற்பாடு பழைய கார்களில் கிடையாது. ஆகவே பெல்ட்டால் கட்டும் வகையை வாங்க வேண்டும். அவற்றில் பலவும் மும்முனைப் பெல்ட்டைக் கேட்பவை. பின்னால் இடுப்புப் பட்டை மட்டும் உள்ள காருக்கு, அதனால் மட்டும் கட்டலாம் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்ட மாடலைத் தேட வேண்டும். வாங்குமுன் காரிலேயே வைத்துக் கட்டிப் பார்ப்பது நல்லது: பல பழைய பட்டைகள் குழந்தை இருக்கையைச் சுற்றி வருமளவுக்கு நீளமில்லாதவை.