ஒற்றைக் கார்புரேட்டருக்குத் திரும்பிய போன்வில்

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களைப் பேணி வருவோரிடையே ஒரு நெடுநாள் வழக்கு உண்டு. தொழிற்சாலை இரண்டு கார்புரேட்டர்களுடன் அனுப்பிய வண்டியில், அவற்றைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் பொருத்தலாமா, கூடாதா என்பதே அவ்வழக்கு. கூடாது என்போர் அதனை வண்டியின் பெருமைக்குச் செய்யும் இழுக்கு என்பர். பொருத்திக்கொண்டோர் அதிகம் வாதாடுவதில்லை, ஓட்டிக்கொண்டு போய்விடுகின்றனர். டிரயம்ப் போன்வில் என்னும் வண்டியின் வரலாற்றைத் தேடிப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: ஒன்றாக மாற்றுவது புதுமையே அன்று. அந்த இயந்திரம் பிறந்தபோது எப்படி மூச்சுவிட்டதோ, அந்நிலைக்கே அது திரும்புகிறது.

கார்புரேட்டர் என்ன செய்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. ஒரு குவளை நீரில் உறிஞ்சுகுழல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல்வாயை ஒட்டி இன்னொரு குழலால் வேகமாக ஊதச் சொல்லுங்கள். விரையும் காற்றின் அழுத்தம் குறைவதால் நீர் மேலேறித் தூறலாகச் சிதறும். நீருக்குப் பதில் பெட்ரோல், ஊதுவதற்குப் பதில் பிஸ்டனின் உறிஞ்சல், அவ்வளவே. ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் உருவாக்கிய தெளிப்பு வகைக் கார்புரேட்டர் முதல், 1927-இல் மூன்று நிறுவனங்கள் இணைந்து உருவான பிரிட்டனின் அமால் வரை, எல்லாம் இந்த அடிப்படையில் அமைந்தவையே.

எட்வர்ட் டர்னர் வடிவமைத்த டிரயம்ப் ஸ்பீட் டுவின் 1937-இல் அறிமுகமானது. 498 சிசி, இரண்டு சிலிண்டர்கள், ஒரே கார்புரேட்டர். இதைச் சிக்கனம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அவ்வியந்திரத்தில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஆனால், ஒன்று காற்றை உறிஞ்சும் வேளையில் மற்றொன்று வெடிப்பின் வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே, ஒரு சுற்றுக்கு ஒரு முறை என்று சீரான இடைவெளியில், மாறி மாறித்தான் சிலிண்டர்கள் மூச்சிழுக்கின்றன. ஒருவர் பருகி முடித்த பிறகே அடுத்தவர் பருகுவதாக இருந்தால் குவளை ஒன்று போதாதா? 1949-இல் வெளிவந்த 649 சிசி தண்டர்பேர்டும் ஒற்றைக் கார்புரேட்டருடனேயே வந்தது. சில ஆண்டுகளில் அதற்குக் கார்களில் புழங்கிய எஸ்.யூ. வகையைப் பொருத்தினார்கள்.

பிறகு ஏன் இரண்டு வந்தன? அமெரிக்கச் சந்தை வேகத்தைக் கேட்டது என்பதே சுருக்கமான விடை. 1956-இல் ஜானி ஆலன் என்பவர் 650 சிசி டிரயம்ப் இயந்திரம் பூட்டிய நீண்ட கூண்டு வண்டியில், யூட்டா மாநிலத்தின் போன்வில் உப்புவெளியில் மணிக்கு 214 மைல் வேகத்தைத் தொட்டார். உலக அமைப்பு அச்சாதனையை ஏற்க மறுத்தது வேறு கதை. விளம்பரத்துக்கு அந்தப் பெயர் போதுமானதாக இருந்தது. 1958-இன் இறுதியில், அடுத்த ஆண்டுக்கான வண்டியாக, இரட்டைக் கார்புரேட்டருடன் போன்வில் டி120 அறிமுகமானது.

இரண்டால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரான, தனியான காற்றுப்பாதை கிடைப்பதால் மிகுந்த சுழற்சி வேகத்தில் சற்றே கூடுதல் ஆற்றல் கிட்டும். ஆனால், அன்றாடச் சாலையில் அந்த உச்சிக்கு எத்தனை பேர் செல்கிறார்கள்? அதே தொழிற்சாலை, அதே 649 சிசி இயந்திரத்தை ஒற்றைக் கார்புரேட்டருடன் டி.ஆர்.6 என்ற பெயரில் தொடர்ந்து விற்றுவந்தது. பிரிட்டிஷ் காவல்துறையினருக்கென்று செய்யப்பட்ட 'செயிண்ட்' இந்த ஒற்றை வகைதான். 1963-இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்குயினுக்காக பட் ஈகின்ஸ் முள்வேலியைத் தாண்டியது, ஜெர்மானிய வண்டிபோல் வேடமிட்ட ஒரு டி.ஆர்.6-இல்தான். உலகம் அதிகம் பார்த்த டிரயம்ப் பாய்ச்சலுக்கு ஒரு கார்புரேட்டரே போதுமானதாக இருந்தது! 1973-இல் இயந்திரம் 744 சிசி ஆனபோதும் டி140 இரண்டுடனும், டி.ஆர்.7 ஒன்றுடனுமாக இருவகையும் விற்பனையில் இருந்தன. மெரிடன் தொழிற்சாலை 1983-இல் மூடப்பட்டது.

வண்டிகள் மூப்படைந்தபோதுதான் இரட்டையின் விலை தெரிந்தது. அமால் கார்புரேட்டரின் உடலும், உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடும் துத்தநாகக் கலவையால் ஆனவை, ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும். தேய்ந்த இடைவெளி வழியே காற்று கசியும். பைலட் ஜெட்டின் துளை மயிரிழை போன்றது. நின்றுபோன பெட்ரோலின் பிசின் அதை எளிதில் அடைத்துவிடும். அத்துடன், இரண்டு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழ வேண்டுமானால் இரண்டு கேபிள்களும் ஒரே அளவில் இழுபட வேண்டும். ஒன்று சற்றே நீண்டாலும் ஒரு சிலிண்டர் உழைக்கும், மற்றொன்று தொங்கிக்கொண்டு வரும். குழுவேலை கொடுத்துப் பார்த்த ஆசிரியர்களுக்கு இது புரியும்.

எங்கள் ஊரில் முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு நண்பர், காலஞ்சென்ற தம் தந்தையாரின் போன்வில்லைக் கொண்டுவந்தார். மூன்று முறை பழுதுபார்த்தும் சமிக்ஞை விளக்கருகே நின்றுவிடும் வண்டி அது. விற்றுவிடலாம் என்று வீட்டார் முடிவெடுத்திருந்தனர். ஒற்றையாக மாற்றலாம் என்று மெக்கானிக் சொன்னபோது, "அண்ணே, அப்பா வாங்கின மாதிரியே இருக்கணுமே" என்று நண்பர் தயங்கினார். "கழட்டினத பத்திரமா பெட்டியில போட்டுத் தர்றேன் தம்பி. உங்க அப்பா இத ஓட்டத்தான வாங்கினாரு?" என்றார் அவர்.

போன்வில்லின் காற்றுத் துளைகள் இரண்டும் விலகி நிற்பவை. ஆகவே, கவைபோல் பிரியும் இணைப்புக் குழாய் ஒன்று தேவை. அதன் மறுமுனையில் அவர் பொருத்தியது மிகுனி. சுசுகி, யமஹா வண்டிகளால் நம் பட்டறைகளுக்கு நன்கு பழகிய பெயர். அந்த ஜப்பானிய நிறுவனமும் தொடக்கத்தில் அமாலின் உரிமம் பெற்றுச் செய்ததுதான். கார்புரேட்டரை ரப்பர் இணைப்பின் மேல் அமர்த்தினார். நேராக இறுக்கினால் இயந்திரத்தின் அதிர்வில் மிதவை அறையின் பெட்ரோல் நுரைத்துவிடுமாம்.

சீரமைப்புக்கு ஒரு வரிசை உண்டு. கைப்பிடியை எட்டில் ஒரு பங்கு முறுக்கும் வரை ஆட்சி செய்வது பைலட். அடுத்து, கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டு. முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் முதன்மை ஜெட். வண்டி எந்த இடத்தில் இடறுகிறது என்று கவனித்தால் எதைத் தொட வேண்டும் என்பது தெரிந்துவிடும். முழுதாக முறுக்கியதைவிடச் சற்றே தளர்த்தும்போது வேகம் கூடினால் முதன்மை ஜெட் சிறியது. இருமிக்கொண்டு கனமாக ஓடினால் பெரியது. அதை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றைப் பார்த்து, இறுதியில் மீண்டும் பைலட்டுக்கு வர வேண்டும். மிகுனியிலும் பழைய அமாலிலும் பைலட் திருகு காற்றைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் பெட்ரோலின் பங்கு மிகும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வோர் பலர். அமாலின் ஜெட் எண்ணையும் மிகுனியின் எண்ணையும் ஒப்பிடுவதும் வீண், அளவுமுறை வேறு.

நண்பரின் வண்டி முதல் வாரத்தில் மீண்டும் தொல்லை கொடுத்தது. சூடேறியதும் நின்ற நிலையில் இயந்திரம் தானாக வேகமெடுத்தது. கைப்பிடியை விட்டாலும் இறங்க மறுத்தது. திருகைத் தொடாமல், இணைப்புக் குழாயின் ஓரங்களில் மெக்கானிக் சிறிது எண்ணெய்த் தூறல் அடித்தார். ஓரிடத்தில் ஓசை மாறியது. காற்றுக் கசிவு! புதிய அடைப்பு வளையம் போட்டதும் இயந்திரம் அடங்கியது.

அதன் பிறகு இரண்டு பிளக்குகளையும் கழற்றிக் காட்டினார். வலப்புறத்தில் இளம்பழுப்பு, இடப்புறத்தில் கரி. நான் கார்புரேட்டரைத்தான் சந்தேகித்தேன். அவர் சிரித்தார். "ரெண்டுக்கும் ஒரே சமையல்தான சார்? ஒருத்தருக்கு மட்டும் எப்படி உப்பு கூடும்?" இரட்டையாக இருந்த காலத்தில் எது குற்றவாளி என்று கண்டறிவதே பாதி வேலையாக இருந்தது. இப்போது, ஒரு சிலிண்டர் மட்டும் வேறுபட்டால் கார்புரேட்டரை விட்டுவிட்டு வேறிடம் தேடலாம். அந்த வண்டியில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு பாயிண்டுகள் உள்ளன. இடப்புறத்துப் பாயிண்டு கருகி, அதன் தீப்பொறி நலிந்திருந்தது. மூன்று முறை பழுதுபார்த்தபோதும் யாரும் அந்த மூடியைத் திறந்ததாகத் தெரியவில்லை.

குளிர்ந்த காலையில் அவ்வண்டி இன்னும் சற்று முரண்டு பிடிக்கிறது. நீண்ட குழாயின் சுவரில் பெட்ரோல் ஆவியாகாமல் படிவதால் இரண்டு நிமிடம் சூடேற்ற வேண்டியுள்ளது. பழைய அமால்கள் இரண்டும் எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டு, நண்பர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. விற்கும் பேச்சு நின்றுவிட்டது; ஞாயிறுதோறும் அவர் தம் மகளைப் பின்னால் அமர்த்திச் சந்தைக்குச் சென்று வருகிறார்.