லயத்து வாசலில் ஒரு கோலக்கரை

மலையகத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் துரைமாரின் கணக்கேடுகளையும் அரசாங்க அறிக்கைகளையுமே பெரிதும் நாடுகின்றனர். ஹற்றன், நுவரெலியாப் பகுதி லயங்களின் வாசலில் மார்கழியிலும் தைப்பொங்கலன்றும் தோன்றி, அந்திக்குள் காலடிபட்டு அழியும் கோலத்தை ஆவணமாகக் கொள்வோர் குறைவு.

கோலத்தைச் சுற்றிவரும் கரைக்குப் பொருள் சொல்வோர் பலருளர். தாமரை செல்வம், கொடி வம்சவிருத்தி, பின்னல் முடிவின்மை, காவிக்கரை சக்தி என்று பட்டியல் நீளும். இவற்றைப் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் வடிவம் மாத்திரமே பொருளைத் தந்துவிடுமா?

பின்னல்கரையை எடுத்துக்கொள்வோம். ஒரே வரிசையில் புள்ளி வைத்து, இருபுறமும் மாறிமாறி வளைத்துச் சென்று திரும்பினால் அது கிடைக்கும். இத்தகைய பின்னல் உரோமரின் தரைச் சித்திரங்களிலும் உண்டு. இஸ்லாமியக் கட்டடங்களின் ஓரங்களிலும் உண்டு. கோலம் போடும் வழக்கம் பொதுவாக நம் வீடுகளில் இல்லை. எனினும் உருவத்தை விலக்கி, கோட்டையும் வளைவையும் நம்பி வளர்ந்த கலை நமக்கு அந்நியமன்று. இம்மூன்று சாராரும் ஒரே நம்பிக்கையைச் சொல்ல இதனை வரைந்தார்கள் என எவர் கூறுவார்?

வடிவம் ஐயமின்றிச் சொல்வது கணக்கை. செவ்வகமாக வைத்த புள்ளிகளைச் சுற்றிச் சீராகப் பின்னும் எளிய சிக்குக்கோலத்தில், இரு பக்கப் புள்ளிகளின் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ அத்தனை இழைகள் வரும். 2க்கு 3 வைத்தால் ஓரிழை. 2க்கு 4 வைத்தால் இரண்டு. 3க்கு 3 வைத்தால் மூன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணி 1970களில் கோலங்களைக் கணினிக்கான இலக்கணமாக ஆராய்ந்தார். பள்ளிக்கூடம் காணாத பெண்களின் விரல்களில் அந்த இலக்கணம் முன்பே இருந்தது.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கண்டிச் சித்திரங்களின் கரைகள் பெயர் பெற்றன. கொடிக்கரை ‘லியவெல’, தாமரையிதழ்க்கரை ‘பலாபெத்தி’ எனப் பதிவாயின. அதே மலைகளில் தேயிலை கொய்தவர்களின் வாசற்கோலம் அந்நூலின் எல்லைக்குள் வரவில்லை. அதற்கெனத் தனி நூலொன்று அன்று எழுந்ததாகவும் தெரியவில்லை.

கரையின் பொருளை, அது போடப்பட்ட இடத்திலும் தேடவேண்டும். லயக்காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், நிலமும் தோட்டத்துக்கே. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் பிரஜாவுரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. இடைப்பட்ட தசாப்தங்களில், விடியலில் பெரட்டுக்கு ஓடவேண்டிய ஒரு பெண் குனிந்து தன் வாசலைச் சுற்றி எல்லையிட்டாள். எந்தக் காணி உறுதியும் தராத எல்லை அது. ‘இதற்குள் இருப்பது என் வீடு’ என்று அக்கரை சொன்னதாகவே நான் வாசிக்கிறேன்.

இவ்வாசிப்பும் ஒரு வாசிப்பே. இதனை உரசிப்பார்க்க, வரைந்த மூதாட்டிமாரிடமே கேட்கவேண்டும்: எந்தப் புள்ளிக்கணக்கு, யார் சொல்லிக்கொடுத்தது, திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ எந்த ஊரிலிருந்து வந்தது, அவர்கள் அதனை என்ன பெயரால் அழைத்தார்கள்? மாணவரின் கொப்பியொன்றில் அடங்கிவிடும் வேலை இது. தாமரைக்கு நாம் பொருள் சொல்லுமுன், அவர்கள் சொன்னதை எழுதிவைப்போம்.