கற்பனைப் போர்களின் கதைத் திரட்டுகள்

போர் என்பது எவராலும் முழுமையாகக் காணப்பெறாத ஒன்று. படைத்தலைவன் தேசப்படத்தைக் காண்கிறான். போர்வீரன் தன் முன்னுள்ள சிறு நிலத்தைக் காண்கிறான். வீட்டை இழந்தவன் சாம்பலைக் காண்கிறான். யானையைத் தடவிப் பார்த்த குருடர்களைப் போல, ஒவ்வொருவரும் ஒரு பகுதியையே அறிவர். ஆதலின் போரைக் கூறுதற்கு ஒரு நெடுங்கதையைக் காட்டிலும், ஒரே உலகில் நிகழும் பல சிறுகதைகளின் திரட்டு ஏற்றதாகலாம். அமெரிக்க விஞ்ஞானக் கதை இலக்கியத்தினின்று இதற்கு இரண்டு சான்றுகளைக் காண்போம்.

1966-இல் லாரி நிவன் என்னும் எழுத்தாளர் ‘வீரர்கள்’ என்ற பொருள்படும் சிறுகதையொன்றை எழுதினார். வருங்கால மாந்தர் நெடுங்காலம் அமைதியில் வாழ்ந்து, போர்க்கருவிகளையே மறந்துவிட்டனர். அவர்களது விண்கலம் ஒன்றைப் புலியை ஒத்த கிஜின் என்னும் அயலினத்தார் எதிர்ப்படுகின்றனர். பிறர் மனத்தை அறியவல்ல ஒரு கிஜின், அக்கலத்தில் ஆயுதமே இல்லை என்று அறிவிக்கிறான். ஆனால் கலத்தைச் செலுத்தும் ஒளிக்கற்றையே ஆயுதமாகித் தாக்க வந்தவர்களை அழித்துவிடுகிறது. போரை மறந்த கைக்கும் அதன் வழி எத்துணை எளிதில் நினைவுக்கு வந்துவிடுகிறது என்பதே அக்கதை எழுப்பும் அச்சம்.

அதன்பின் நிகழ்ந்த போர்களைத் தம் பிற கதைகளில் நிவன் குறிப்பாகச் சுட்டினாரேயன்றி விரித்துரைக்கவில்லை. தமக்கு இராணுவ அனுபவம் இல்லை என்பதே அவர் கூறிய காரணம். அந்த இடைவெளியை நிரப்பப் பிற எழுத்தாளர்களை அவர் அழைத்தார். அவ்வாறு 1988-இல் ‘மனித–கிஜின் போர்கள்’ என்னும் வரிசையின் முதல் தொகுதி வெளிவந்தது. பழைய கதையோடு, பால் ஆண்டர்சன், டீன் இங் ஆகியோர் எழுதிய கதைகளும் அதில் இடம்பெற்றன. பின்னர் அவ்வரிசை பத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளாக வளர்ந்தது.

1989-இல் வந்த இரண்டாம் தொகுதியில், கொரியப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்த ஜெர்ரி பூர்னெல், எஸ். எம். ஸ்டர்லிங்குடன் இணைந்து ஒரு கதை எழுதினார். கிஜின்கள் கைப்பற்றிய ஓர் உலகம். அங்கே பகைவரின் ஆட்சிக்குப் பணிபுரியும் மனிதப் போலீஸ் அதிகாரி ஒருவன். இரண்டாம் உலகப் போரில் அடிமைப்பட்ட ஐரோப்பிய நகரங்களை எண்ணாமல் அக்கதையைப் படித்தல் அரிது. அடிபணிந்து உயிர் காத்தவன் துரோகியா, அன்றித் தன் மக்களுக்குக் கேடயமா என்னும் வினா அங்கு எழுகிறது.

இரண்டாவது சான்று டேவிட் டிரேக். வரலாறும் இலத்தீனும் கற்று, சட்டம் பயின்றுகொண்டிருந்த அவர் கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்பெற்றார். 1970-இல் வியட்நாமிலும் கம்போடியாவிலும் கவசப்படைப் பிரிவொன்றில், கைதிகளை விசாரிக்கும் பணியில் இருந்தார். 1974 முதல் அவர் எழுதிய கூலிப்படைக் கதைகள் 1979-இல் ‘ஹாமரின் ஸ்லாமர்கள்’ என்னும் நூலாயின. கதைகளுக்கு இடையிடையே, அவ்வுலகின் டாங்கிகளையும், கூலிப்படை ஒப்பந்தங்களுக்குப் பிணை நிற்கும் அமைப்பையும் விளக்கும் சிறு கட்டுரைகள் உள்ளன. கட்டுரைகள் கணக்கரின் குரலில் அமைதியாகப் பேசுகின்றன. கதைகளிலோ மனிதர் மடிகின்றனர். அந்த வேறுபாடே நூலின் உட்பொருள் எனலாம். டிரேக் 2023-இல் மறைந்தார்.

போரை அறியாத ஒருவர் தம் குறையை மறையாது பிறரை அழைத்தார். போரை அறிந்த மற்றொருவர் அதை மறக்க இயலாது பல துண்டுகளாக எழுதினார். இருவரும் பொய்யுலகைப் படைத்தனர்; ஆயினும் அதனுள் வைத்தது தங்கள் நூற்றாண்டின் மெய்யான துயரை.

இத்தகைய நூல்களை இளைஞர் ஆயுதங்களுக்காகவே விரும்பிப் படிப்பதுண்டு. அவர்களைத் தடுக்க வேண்டுவதில்லை. கதை முடிந்தபின் ஒரு கேள்வியை மட்டும் கேட்கக் கற்பிப்போம்: இந்தப் போரை யார் கண்ணால் கண்டோம்? யார் கண்ணால் காணவில்லை? வரலாற்றைப் படிக்கும் முறையும் அதுவேயன்றோ?