ரகரம் உதிர்ந்த பெயர்

‘சாலிட்டான்’ என்றதும் எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் உடன்பிறப்பு என்று தோன்றும். அப்படித் தோன்றட்டும் என்றுதான் பெயரே வைத்தார்கள். பெயருக்கு உரியதோ ஓர் அலை.

1834 ஆகஸ்டில் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில் இரண்டு குதிரைகள் இழுத்து வந்த படகு சட்டென்று நின்றது. படகு நின்றும் நீர் நிற்கவில்லை. முகப்பில் திரண்டது வழவழப்பான மேடாகிப் பிரிந்து முன்னே ஓடியது. பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரையேறித் துரத்தினார். சுமார் 30 அடி நீளம், ஓரடி ஒன்றரையடி உயரம்; ஓரிரு மைல் ஓடிய பிறகே கண்ணுக்குத் தப்பியது. ‘தனியலை’ என்ற பெயர் வந்தது.

1965இல் ஆய்வாளர்கள் ஸபுஸ்கியும் குருஸ்கலும் கணினியில் இத்தகைய அலைகளை மோதவிட்டார்கள். மோதியும் குலையாமல் வெளியே வந்தன. துகளின் குணம், ஆகவே துகளின் விகுதி. முதலில் நினைத்த பெயர் ‘சாலிட்ரான்’. அதே பெயரில் ஒரு நிறுவனம் இருந்ததால் ரகரத்தைக் கழற்றினார்கள் என்பார்கள். நன்னூல் சொல்லும் கெடுதல் விகாரம்தான். சந்தியால் அல்ல, சந்தையால்.

தமிழில் ‘தனியன்’ என்பேன். கூட்டம் பிரிந்த ஒற்றை யானைக்கும் அதுதானே பெயர்!

குளிர்வாயுவுக்குள் இந்தப் பெயர் நுழைந்தபோதுதான் சிக்கல். தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கி அணுக்கள் ஒரே அலையாகும்போது, அந்த அலை தனக்கொரு கட்டத்தை (phase) தேர்ந்தாக வேண்டும். எல்லாக் கட்டமும் சமம் என்றிருந்த சமச்சீர் அங்கே முறிகிறது. அவசரமாகக் குளிர்வித்தால் இந்த மூலை ஒன்றைத் தேரும், அந்த மூலை வேறொன்றை. சேரும் இடத்தில் தழும்பு. 1976இல் இயற்பியலாளர் கிப்பிள் இளம் பிரபஞ்சத்துக்கும், 1985இல் இயற்பியலாளர் சூரெக் மீப்பாய்ம ஹீலியத்துக்கும் சொன்னது இது.

2013இல் இத்தாலியின் ட்ரென்டோவில், சுருட்டுபோல் நீண்ட சோடியம் மேகத்தில் அந்தத் தழும்பு தெரிந்தது. குறுக்கே ஒரு கருங்கோடு. கண்ட ஆய்வாளர்கள் சாலிட்டான் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு அவர்களே நுணுகிப் பார்த்தார்கள்: கோடு திருகியிருந்தது, குறுக்கீட்டுப் பட்டை கவைபோல் பிளந்திருந்தது. கவை விழுந்தால் அது சுழல். கோட்பாட்டாளர்கள் முன்பே ஆக்கிவைத்திருந்த ‘சாலிட்டான் சுழல்’ கைகொடுத்தது.

2013 கட்டுரையின் தலைப்பில் மட்டும் இன்றும் ‘கிப்பிள்–சூரெக் சாலிட்டான்கள்’ என்றே இருக்கிறது.